மூலப்பத்திரம் கேட்கிறார்கள்

(காரைக்குடியில் மாணவர்களும் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருந்தீர்கள். வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தோழர் திகைத்துப் போனார். "ரியல் எஸ்டேட்டா தோழர்?" என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் நான். வீட்டுக்கடன் விண்ணப்பங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் மேனேஜர் அறைக்குப் போகின்றன. நம்ம ஆட்கள் கொண்டுவருகிற விண்ணப்பம் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதைப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். 2024இல் நானே இந்த ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்கட்டைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்கள் வம்சத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் வாங்குகிறவராகப் போன முதல் ஆள் நான்தான். ஆகவே இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

சொத்து என்ற சொல்லைக் கேட்டாலே நம் இயக்கத் தோழர்கள் சிலருக்கு முகம் சுருங்கும். சொத்து சேர்ப்பது ஆதிக்கசாதி வேலை, நமக்கு எதற்கு என்பார்கள். இந்த மண்ணின் வரலாறு தெரிந்தால் அப்படிப் பேச முடியாது. சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985இல். அதற்கு முன் நாமெல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நாட்டார்கள் கூடி ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். நம் ஆட்கள் பணியவில்லை. குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் மறுபடி கூடி எட்டைப் பதினொன்றாக்கினார்கள். இது ஏதோ செவிவழிக் கதை இல்லை. 1931 குடிக்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியே வரிசையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, பொன் நகை கூடாது, தண்ணீர் எடுக்க மண்பானைதான், பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். இதெல்லாம் நமக்கு ஓரளவு தெரியும், மேடையில் சொல்கிறோம். மேடையில் அதிகம் சொல்லாத தடைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று: ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் சொந்த நிலத்தை ஊர் மிராசுதாரர்களுக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி எதையாவது விளைவித்தால், விளைந்ததும் கொள்ளையடிக்கப்படும். இன்னொன்று: கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது, வண்டி கூடாது, வீட்டுக் கதவைத்தான் பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும்.

கவனியுங்கள். நம்மிடம் நிலம் இருந்திருக்கிறது. இல்லாதவனைப் பார்த்து விற்றுவிடு என்று யாரும் தீர்மானம் போடமாட்டார்கள். கையில் ஒரு குழி நிலம் இருந்தாலும் அது அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் நமக்குச் சொத்து வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தவர்கள் யார் என்பதை நம் தோழர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஊருக்கு வருவோம். செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீடுதான். தெருவுக்குத் தெரு முகப்பும் வளவும் பட்டாலையும் நிலைவாசலும். இந்த வாசலில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. இவ்வளவு பெரிய வீடுகள் எந்தப் பணத்தில் எழும்பின? கடல் கடந்த வட்டித் தொழிலில். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் லேவாதேவிக்காரர்கள் கைக்கு வந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. இடையில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, பர்மா விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கைமாறியது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு பார்த்த மாத்திரத்தில் புரியும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது: சென்னை, இரங்கூன், நம்ம காரைக்குடி. வங்கி என்பது இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த பொருள் அல்ல.

அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் நாம் உட்கார 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆக வேண்டியிருந்தது, அதன்பின் இடஒதுக்கீடு வர வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் மூலப்பத்திரம் அது.

அரண்மனை மாதிரியான அந்த வீடுகளை நாம் வாங்கப்போவதில்லை. ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். கையெழுத்துச் சேராத வீடுகள் பூட்டிக் கிடந்து இடிகின்றன. சேர்ந்தவை சில ஓட்டல்களாகின்றன. சில வீடுகளைப் பிரித்து, தூணும் நிலையும் கதவுமாக முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எடை பேசி விற்கிறார்கள். நம் கைக்கு எட்டுவது, அந்த வீடுகளில் கணக்குப்பிள்ளையாகவும் கடைச் சிப்பந்தியாகவும் இருந்தவர்கள் சந்துகளில் கட்டிக்கொண்ட சின்ன ஓட்டு வீடுகள். நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். செம்புறாங்கல் சுவர், முன்னால் ஒரு திண்ணை, நடுவில் முற்றம்.

சரி, வங்கி என்ன கேட்கிறது? மூலப்பத்திரம் கேட்கிறது. 30 வருஷ வில்லங்கச் சான்று கேட்கிறது. பட்டா, வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி, வக்கீலின் கருத்து, என்ஜினியரின் மதிப்பீடு. இதில் எந்த இடத்திலும் சாதி என்ற சொல் கிடையாது. மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும், நம்ம ஆளாகவேகூட இருக்கட்டும். காலனியிலிருந்து ஒருவர் வந்து, இருக்கிற வீட்டை இடித்துக் கட்டக் கடன் கேட்கிறார். அவரிடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனைப் பட்டா. 1978ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் அரசு கையகப்படுத்திக் கொடுத்த இடம். பட்டாவிலேயே நிபந்தனை இருக்கும், விற்கக்கூடாது, வேறு ஆளுக்கு மாற்றக்கூடாது என்று. சிலரிடம் அதுவும் கிடையாது. அப்பா பெயரில் ஒரு பழைய நமூனா, தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கிறோம் என்ற வாய்மொழி, அவ்வளவுதான். வங்கி எப்படி யோசிக்கும்? கடன் திரும்பாவிட்டால் 2002ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட வேண்டும். விற்கக்கூடாத இடத்தை யாரிடம் ஏலம் விடுவது? ஆகவே, "சாரி சார், டாக்குமெண்ட் சரியில்லை." முடிந்தது. ஒருவரும் ஒருவரையும் திட்டவில்லை. தீண்டாமை வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது.

அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடன் கொடுக்க அரசே ஒரு நிறுவனம் வைத்து நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு மை. சிவப்பு என்றால் ஆபத்து, கடன் கொடுக்காதே. 1968இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர்களுக்கு வீடு சேர்ந்துவிட்டது, கறுப்பர்களுக்குச் சேரவில்லை. அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. நம் ஊரில் சிவப்பு மை தேவைப்படவில்லை. ஊர் என்றும் சேரி என்றும் முதலிலேயே கோடு போட்டு வைத்திருந்தார்கள். பழைய பத்திரங்களை எடுத்துப் படியுங்கள். எழுதிக் கொடுப்பவரின் சாதி, வாங்குபவரின் சாதி, இரண்டும் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். நான்கெல்லை சொல்லும்போது பறத்தெருவுக்கு மேற்கு, சேரிப் பாதைக்கு வடக்கு என்று போகும். அடுத்தவன் சொத்துக்கு எல்லைக்கல்லாகத்தான் நாம் பத்திரத்தில் ஏறியிருக்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டாவில் இருக்கிற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், கடன் கிடைக்கும் என்று நம் ஆட்களிலேயே சிலர் பேசுகிறார்கள். நான் அதற்கு எதிரி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் 1892இல் தொடங்கி நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை இருந்தது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். அப்படி இருந்தும் அந்த நிலமெல்லாம் யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுக் காரணை மக்கள் போராடியதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வேலி இருக்கும்போதே இந்தக் கதி. வேலியைப் பிரித்தால் ஒரு கல்யாணச் செலவில், ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் காலனி கைமாறிவிடும். நிபந்தனை இருக்கட்டும். கடனுக்கு அரசு ஜாமீன் நிற்கட்டும். தாட்கோ 1974லிருந்து இருக்கிறது. வங்கிகள் கொடுக்கிற கடனில் 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்குப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம். கேட்பதற்குக் காகிதமும் கூட்டமும் வேண்டும்.

அடுத்தது ரொக்கம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் உங்களுக்கு உதவும். வேலை கிடைத்துவிட்டது, சம்பளச் சீட்டு இருக்கிறது, வங்கி கடன் கொடுத்துவிடும், வீடு வாங்கிவிடலாம் என்றுதான் நினைப்போம். என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டின் விலை 24 லட்சம். பழைய கட்டடம் என்பதால் வங்கி என்ஜினியர் போட்ட மதிப்பு 20 லட்சம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், அதாவது 18 லட்சம். மீதி 6 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 24 லட்சத்துக்கு 2,16,000 ரூபாய். இதற்கு வங்கி கடன் கொடுக்காது. ஓடு மாற்ற, கழிப்பறை கட்ட, ஒயரிங் இழுக்க 4 லட்சம். ஆக 12,16,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால்தான் 18 லட்சம் கடன் வாங்கும் யோக்கியதை வருகிறது. மற்ற சாதி கிளார்க்குக்கு இந்த இடத்தில் அப்பா வருகிறார், மாமனார் வருகிறார், ஊரில் ஒரு ஏக்கர் வருகிறது, அம்மாவின் இருபது பவுன் வருகிறது. எனக்கு வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கக் கடன், என் துணைவியார் கழுத்தில் கிடந்தது. சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். முன்பணத்தில்தான் மூன்று தலைமுறை தெரியும்.

வங்கி ஊழியனுக்குச் சலுகை வட்டி உண்டு. வெளியாளுக்கு 18 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருஷம் என்றால் மாதம் 15,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கடைசியில் கட்டி முடிக்கும்போது முப்பத்தேழரை லட்சம் ஆகியிருக்கும். முன்கட்டுக்கு எனக்கு வருகிற வாடகை 6,000. வாடகையிலேயே தவணை அடைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரைக்குடியில் அடையாது. ஐந்தில் இரண்டு பங்குகூட முழுசாகத் தேறாது. ஒத்திக்கு விட்டு மொத்தமாக நாலைந்து லட்சம் வாங்கிக்கொள் என்று யோசனை சொன்னார்கள். வாங்கினால் அதுவும் கடன்தான், ஆள் காலிசெய்யும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பணம் புரட்டியாகிவிட்டது, வீடு? புரோக்கர் முதலில் வீட்டைக் காட்டுவதில்லை, நம்மைப் பார்க்கிறார்.

"தம்பி எந்த ஊரு?"

"தேவகோட்டைப் பக்கம்."

"தேவகோட்டைப் பக்கம்னா?"

ஊர் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க நமக்கு ஆளுக இருக்காங்களே. ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?"

"தள்ளித்தான்."

"தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுக?"

சொன்னேன். அவர் செல்போனை எடுத்து யாரிடமோ பேசுகிற மாதிரி நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த வீடு நேத்துத்தான் அட்வான்ஸ் ஆயிருச்சாம் தம்பி என்றார். இப்படி ஏழு வீடுகள் நேற்றுத்தான் அட்வான்ஸ் ஆகியிருந்தன. ஏழு வீடும் ஆறு மாசம் கழித்தும் பூட்டித்தான் கிடந்தன. வாடகைக்குத் தேடியபோது நடந்ததை நான் சொல்லவே வேண்டியதில்லை, இங்கே விடுதி கிடைக்காத மாணவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். உலகம் பூரா செட்டிநாட்டுக் கோழி என்று ஓட்டல்காரன் பலகை மாட்டுகிறான். செட்டிநாட்டில் வாடகை வீட்டுப் பலகையில் சைவம் மட்டும் என்று எழுதியிருக்கிறது. கோழிக்குழம்பின் மேல் அவர்களுக்கு என்ன கோபம்? அந்தப் பலகை கோழியைப் பற்றியதே இல்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. சுகதேவ் தோரட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஆட்களை வைத்து வாடகைக்கு வீடு கேட்கச் சொன்னார்கள், போனிலும் நேரிலும். பெயரைக் கேட்டே சாதி தெரிகிற மாதிரி பெயர்கள். 2015இல் முடிவு வெளியானது. மேல்சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித் பெயருக்குக் குறைவாகத் திறந்தது. முஸ்லிம் பெயருக்கு எல்லோரையும்விடக் குறைவாகத் திறந்தது. நீதிமன்றம் என்ன சொல்லும் என்று கேட்டால், 2005இல் உச்சநீதிமன்றம் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் ஒரு சமூகத்தார் தங்களுக்குள் மட்டும் உறுப்பினர் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. சாதி பார்த்துக் கதவைச் சாத்துகிறவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கடைசியில் எனக்கு வீடு எப்படிக் கிடைத்தது? விற்றவருக்குப் பணம் அவசரம். பக்கத்து வீட்டுக்காரர் அவரிடம் போய், என் விலையைவிட இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டு, தெரு நன்மைக்காக அவருக்கே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். குறைந்த விலைக்கு விற்றுவிடு என்கிற அதே 1931 தீர்மானம்தான், இம்முறை விற்பவர் பக்கம் திரும்பியிருந்தது. அவருக்குத் தெரு நன்மையைவிட இரண்டு லட்சம் பெரிதாகப் பட்டது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் அதைச் சாதி ஒழிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பாபாசாகேப்பைப் பேசியாக வேண்டும். 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போன மனிதருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பூங்காவில் போய் உட்கார்ந்து வருந்தியதை அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் இதைச் சொல்கிறோம், அழுகிறோம். அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1930வாக்கில் பம்பாய் தாதரில், பெயரே இந்து காலனி என்றிருக்கிற இடத்தில், இரண்டு மனை வாங்கினார். வங்கியில் கடன் வாங்கினார். ஒரு மனையில் தானும் குடும்பமும் புத்தகங்களும் இருக்க வீடு, பௌத்த மகதத்தின் தலைநகர் பெயரில் ராஜகிருகம். இன்னொன்றில் வாடகைக்கு விட ஒரு கட்டடம், பெயர் சார்மினார். கேட்டீர்களா தோழர்களே, வாடகைக்கு விட. கல்லூரியில் பாடம் நடத்தி, கோர்ட்டில் வழக்காடி, இயக்கத்துக்குச் செலவழிக்கிற மனிதருக்கு மாதம் பிறந்தால் ஒரு நிலையான வருமானம் தேவைப்பட்டது. 1941இல் கடனும் புத்தகச் செலவும் நெருக்கியபோது சார்மினாரை விற்றார். ராஜகிருகத்தைத் தொடவில்லை. 1956 டிசம்பர் 6இல் தில்லியில், இன்னொருவருக்குச் சொந்தமான வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. உடலைப் பம்பாய்க்கு, ராஜகிருகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2020 ஜூலையில் அந்த வீட்டுக்குள் புகுந்து பூந்தொட்டியையும் கேமராவையும் உடைத்தார்களே, எதற்காக? நம் கையில் இருக்கிற ஒரு வீடு இன்னும் யாரையோ உறுத்திக்கொண்டிருக்கிறது.

"வாடகை வாங்குறவனுக்கு எதுக்குத் தோழர்னு பேரு?" என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சார்மினாரைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாம். நான் அடைக்கவில்லை. ஏனென்றால் சாவி கைக்கு வந்த பிறகு நடந்தவை அந்தக் கேள்வியைச் சும்மா விடவில்லை.

வீட்டைப் பழுதுபார்க்கும்போது பின்சுவரில், சந்தைப் பார்த்த பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சின்னத் தகரக் கதவு இருந்தது. ஒரு முழ அகலம். எடுப்புக் கக்கூஸ் இருந்த இடம். வீட்டுக்குள் நுழையாமல், வீட்டுக்காரர் கண்ணில் படாமல், சந்து வழியாக வந்து அந்த ஓட்டையில் கையை விட்டு வாளியை இழுக்க வேண்டும். எந்தச் சனங்களின் கை என்று உங்களுக்குத் தெரியும். முகப்பைப் பற்றியும் நிலைவாசலைப் பற்றியும் செட்டிநாட்டுப் புத்தகங்கள் அழகாக வருகின்றன, படம் போட்டு. இந்த வாசலுக்கு யாரும் படம் போடவில்லை. கொத்தனார், "அடைச்சுரவா சார்?" என்றார். அடைக்கச் சொன்னேன். செப்டிக் டேங்க் கட்டினோம். 2013ஆம் வருஷச் சட்டப்படி அதற்குள் ஆளை இறக்கினால் இறக்கச் சொன்னவருக்கு முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரர்கள் கழிவுநீர் லாரிக்காரரிடம் பேசுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லாரி வந்தபின் குழாய் எட்டவில்லை என்று ஆள் இறங்குகிறானா என்று நின்று பார்ப்பதும் வீட்டுக்காரன் வேலைதான்.

முன்கட்டு தயாரானதும் பக்கத்து வீட்டுக்காரர், அதே பக்கத்து வீட்டுக்காரர்தான், இப்போது பேசிக்கொள்கிறோம், "நல்ல ஆளுகளாப் பாத்து விடுங்க தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை என்னிடமே சொல்கிறார். சொந்தக்காரன் ஆனதும் நான் அவர் பக்கத்து ஆளாகிவிட்டேனாம்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. அதில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கிற ஒரு அருந்ததியர் குடும்பம் வீடு கேட்டு வந்தது. புருஷன், பொண்டாட்டி, படிக்கிற இரண்டு பிள்ளைகள். கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது யார் தெரியுமா? என் சொந்தக்காரர்கள். சேரியில் என்னோடு கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். "ஏன்டா, அவுகளுக்கா விட்ட? நம்ம வீட்டு விசேசத்துக்கு நாங்க எப்பிடி வர்றது?" என்றார்கள். "அவங்க தட்டுல சாப்பிடச் சொல்றனா?" என்று கேட்டேன். "சொன்னாலும் சொல்லுவ" என்றார் ஒரு பெரியம்மா. அம்பேத்கர் படம் மாட்டிய வீடுதான் அவர்களுடையதும். அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம் பத்திரிகைகளில் என்னவெல்லாம் எழுதினோம் என்பதை ஒரு தடவை எடுத்துப் படிக்கலாம். ஊரார் நமக்கு வீடு கொடுக்கவில்லை என்று மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். நாம் யாருக்குக் கொடுப்போம் என்று கேட்டால் அரை மணி நேரம் யோசிக்கிறோம். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது, பேசாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

குடிவந்த அந்த அம்மா ஒரு நாள் பின்பக்கம் துணி காயப்போடும்போது, "இந்த எடத்துல மட்டும் பூச்சு மாறித் தெரியுதே அண்ணே, என்ன இருந்துச்சு?" என்றார். சொன்னேன். "எங்க அப்பத்தா இந்தச் சந்துக எல்லாத்துலயும் வேலை பாத்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிப் போட்டார். நானும் உள்ளே போய்விட்டேன்.

என் அம்மா இன்னும் இந்த வீட்டுக்குக் குடிவரவில்லை. வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். ஆத்தங்குடிக் கல் தரை வழுக்குகிறது என்பார். வேறொரு நாள் உண்மையைச் சொன்னார். "நாளைக்கு இங்க நான் செத்துப்போனா யாருடா தூக்குவா? இந்தத் தெருவுல எவன் வருவான்? எந்தச் சுடுகாட்டுக்குக் கொண்டு போவ?" என்றார். என்னிடம் பதில் இல்லை. காலனியில் ஒரு சாவு என்றால் அரை மணி நேரத்தில் நூறு பேர் கூடிவிடுவார்கள், பந்தல் போட்டுவிடுவார்கள், பறை வந்துவிடும். இந்தத் தெருவில் கிரயம் கிடைத்தது, வரி ரசீது கிடைத்தது, குடிநீர் இணைப்பு கிடைத்தது. அம்மா கேட்பது இவற்றில் எதிலும் இல்லை. அவர் சொல்வதில் இருக்கிற நியாயத்தால்தான், படித்தவர்கள் எல்லோரும் காலனியை விட்டு வெளியேறிவிடுங்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. காலனியிலும் வீடு இருக்க வேண்டும், அதற்கு வங்கி மதிக்கிற காகிதம் இருக்க வேண்டும். ஊருக்குள் வாங்க விரும்புகிறவர் வாங்கவும் வேண்டும். இரண்டும் நடக்கட்டும். எதை எப்போது என்பதை அவரவர் வீட்டுப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தவணை கட்டுகிறவன் பெயரில் மட்டும் எழுதாமல் அவர்கள் பெயரையும் பத்திரத்தில் சேருங்கள். பேசிப் பேசி நான் சேர்த்தேன். பத்திர எழுத்தர்தான், "எதுக்கு சார் ரெண்டு பேரு, சிக்கல்" என்றார்.

நேரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு வேலை சொல்கிறேன், உங்களில் பத்துப் பேராவது செய்யுங்கள். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலனியில் எத்தனை வீடு, எந்த வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதுங்கள். பட்டாவா, நிபந்தனைப் பட்டாவா, நத்தமா, வெறும் வரி ரசீதா, ஒன்றுமே இல்லையா. யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, வாரிசுக்கு மாற்றியாயிற்றா. டிரங்குப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில்தான் இருக்கும். கேட்டால் பயப்படுவார்கள். யார் கேட்டாலும் பயப்படுவார்கள், அதற்குக் காரணம் உண்டு. வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே ஜெராக்ஸ் எடுத்து அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். கொண்டுவாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.